எரியாத விளக்கும் ஆபத்து, கண் கூசும் விளக்கும் ஆபத்து



சேமிப்பு, உள்கடன், ரத்தசோகை, கிராம சபை என்று பல விஷயங்களை இந்தப் பக்கங்களில் பேசி வருகிறோம். இந்த முறை விளக்கு பற்றிப் பேசுவோம். வீட்டு விளக்கு இல்லை. ரோட்டில் ஓடுகிற வண்டியின் விளக்கு, பிள்ளைகள் ஓட்டுகிற சைக்கிளின் விளக்கு.

"வண்டி ஓட்டுறது ஆம்பளைங்க. லைட்டைப் பத்தி நமக்கென்ன?" என்று சில குழுக்களில் கேட்டார்கள். கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். விடியற்காலை இருட்டில் பால் கேனோடு சொசைட்டிக்குப் போவது யார்? மல்லிகை பறிக்க டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்புவது யார்? மில் வேனுக்காக ரோட்டோரம் நிற்பது யார்? டியூஷன் முடிந்து இருட்டில் சைக்கிளில் வருவது யார் வீட்டுப் பிள்ளை? வண்டியை ஓட்டுபவர் யாராக இருந்தாலும், அந்த வெளிச்சத்துக்கு எதிரே நிற்பதும் நடப்பதும் பெரும்பாலும் நாம்தான். இப்போது நம் உறுப்பினர்கள் பலர் ஸ்கூட்டி, எக்ஸ்எல் ஓட்டவும் செய்கிறார்கள். அதனால் இது நம் விஷயம்தான்.

விளக்குக்கு ரெண்டு வேலை

வண்டி விளக்குக்கு ரெண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஓட்டுபவருக்கு ரோட்டைக் காட்டுவது. இன்னொன்று, "இங்கே ஒரு வண்டி வருது" என்று மற்றவர்களுக்குக் காட்டுவது. முன் விளக்கு ரெண்டு வேலையும் செய்கிறது. பின்னால் இருக்கும் சிவப்பு டேஞ்சர் லைட்டும், பிரேக் லைட்டும், இண்டிகேட்டரும் ரெண்டாவது வேலையை மட்டும் செய்கின்றன.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பின் விளக்கு எரியவில்லை என்றால் அது ஓட்டுபவருக்குத் தெரியாது. அவர் முன்னால் பார்த்துக்கொண்டு போகிறார். முன் விளக்கு தூக்கலாக எரிந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசினாலும் அவருக்குத் தெரியாது. அவருக்கு ரோடு நன்றாகத் தெரிகிறது, சந்தோஷமாகத்தான் போவார். ஆக, நம் வண்டி விளக்கின் குறை நமக்குத் தெரியாது, அடுத்தவருக்குத்தான் தெரியும். ஒருவர் வண்டியை இன்னொருவர் பார்த்துச் சொன்னால்தான் சரியாகும். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் கூசும்போது என்ன நடக்கிறது?

இருட்டில் நம் கண்ணின் பாப்பா விரிந்திருக்கும். கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுக்குப் பழகும். முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். அந்த நேரத்தில் எதிரே பிரைட் லைட் அடித்தால் பாப்பா சட்டென்று சுருங்குகிறது. இருட்டுக்குப் பழகிய கண் அந்தப் பழக்கத்தை இழக்கிறது. வண்டி கடந்து போன பிறகும் சில நொடிகளுக்கு எல்லாம் கறுப்பாகத் தெரியும். வயது ஏற ஏற இந்த நொடிகள் அதிகமாகும். கண் புரை உள்ளவர்களுக்கு வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறுவதால் இன்னும் கஷ்டம்.

"சில நொடிதானே" என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போய்விடும். அது ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் நீளம். கண் கூசிய ஒருவர் மூன்று நொடி கண் தெரியாமல் ஓட்டினால், மூன்று பஸ் நீளத்துக்கு அவர் குருடராகப் போகிறார் என்று அர்த்தம். அந்த மூன்று பஸ் நீளத்தில் சைக்கிளில் போகும் பிள்ளை இருக்கலாம், புல்லுக்கட்டோடு நடக்கும் அக்கா இருக்கலாம்.

நமக்கு வண்டி தெரிகிறது, வண்டிக்காரருக்கு நாம் தெரிகிறோமா?

நாங்கள் போகும் ஊர்களில் எல்லாம் ஒரு பேச்சைக் கேட்கிறோம். "அவ்வளவு பெரிய லைட்டு போட்டு வர்றான், நம்மளைப் பார்க்காமலா இருப்பான்?" இது தவறான நம்பிக்கை. வண்டி விளக்கு நமக்கு அரை கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். ஆனால் டிம் வெளிச்சத்தில் கறுப்பு, கருநீலம், பச்சை என்று அடர்ந்த நிறத்தில் சேலை கட்டி நடப்பவர், வண்டிக்காரருக்கு 30 அல்லது 40 மீட்டர் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிவார்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் நம்மைப் பார்த்து, பிரேக் பிடித்து, வண்டி நிற்க ஏறக்குறைய 45 முதல் 50 மீட்டர் தேவை. கணக்கைப் பாருங்கள். அவர் நம்மைப் பார்த்த நொடியிலேயே பிரேக் அடித்தாலும் நிறுத்த இடம் போதாது. 40 கிலோமீட்டர் வேகம் என்றால் 25 முதல் 30 மீட்டரில் நின்றுவிடும். இருட்டில் வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று. ரெண்டு வண்டிகள் எதிரும் புதிருமாக வரும்போது நடுவில் ரோட்டைக் கடக்கவே கூடாது. ரெண்டு பக்க வெளிச்சத்துக்கும் நடுவில் நிற்பவர் ரெண்டு ஓட்டுநர் கண்ணுக்கும் மறைந்துவிடுவார். ரெண்டு வண்டியும் போன பிறகு, கண் தெளிந்த பிறகு கடக்க வேண்டும்.

"நேரம் சரியில்லை" என்றார்கள்

நம் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஒரு உறுப்பினரின் கணவர் சாயந்திரம் எக்ஸ்எல் வண்டியில் சோளத்தட்டைக் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டு பின்னால் தொங்கி டேஞ்சர் லைட்டை முழுசாக மறைத்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் யாருக்கும் தெரியவில்லை. பின்னால் வந்த வேன் மோதியது. உயிர் பிழைத்தார், ஆனால் தொடை எலும்பு முறிந்துவிட்டது. மாசக்கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டுக்காரருக்குத் துணை இருக்க வேண்டியதால் அந்த உறுப்பினரும் வேலைக்குப் போகவில்லை. கறவை மாட்டுக்கு வாங்கிய கடன் தவணை நின்றது. கடைசியில் மாட்டை விற்கிற நிலைமை வந்தது.

குழுக் கூட்டத்தில் அவர் தவணை பற்றிப் பேச்சு வந்தது. அபராதம் வேண்டாம், தவணைக் காலத்தை நீட்டிக்கொடுப்போம் என்று உறுப்பினர்கள் முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. ஆனால் விபத்து பற்றிப் பேசும்போது "கண்ணு பட்டுடுச்சு", "நேரம் சரியில்லை" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு பாட்டி மட்டும் கேட்டார்: "தட்டைக்கட்டு லைட்டை மறைச்சிருந்துச்சே, கிளம்பும்போது யாரும் பார்த்துச் சொல்லலையா?" அந்தக் கேள்விதான் சரியான கேள்வி.

சுமை ஏற்றும்போது விளக்கை மறைக்காமல் கட்ட வேண்டும். மறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கட்டின் கடைசியில் சிவப்பு விளக்கோ சிவப்பு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டிய பலகையோ தொங்கவிட வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர், வைக்கோல் வண்டி, மாட்டு வண்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பழுதாகி நிற்கும் வண்டிக்குப் பின்னால் வெறும் இலைக்கொப்பை ஒடித்துப் போடுவது இருட்டில் உதவாது. இண்டிகேட்டர் நாலும் எரிய வேண்டும், பின்னால் தள்ளி ஒளிரும் முக்கோணப் பலகை வைக்க வேண்டும்.

சுவரில் ஒரு சோதனை

முன் விளக்கு சரியான சாய்வில் இருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். மெக்கானிக் தேவையில்லை. சாயந்திரம் ஒரு சுவரும் சமதளமான இடமும் இருந்தால் போதும்.

1. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, முன் விளக்கின் நடுப்பகுதி சுவரில் எந்த உயரத்தில் வருகிறதோ அங்கே கரியால் ஒரு கோடு போடுங்கள்.

2. வண்டியை நேராகப் பின்னால் 10 மீட்டர் தள்ளுங்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். ரெண்டு சேலை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. வழக்கமாக ஓட்டுபவர் வண்டியில் உட்காரட்டும். விளக்கை டிம்மில் போடுங்கள்.

4. சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, கரிக்கோட்டுக்குக் கீழே நாலு விரல் முதல் ஒரு சாண் வரை இறங்கியிருந்தால் சரி. கோட்டுக்கு மேலே போனால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசும். ரொம்பக் கீழே இறங்கினால் நமக்கு ரோடு தெரியாது.

5. இப்போது பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கி, வெளிச்சம் மேலே ஏறுவது தெரியும். பின்னால் மூட்டை ஏற்றினாலும் இதேதான். எப்போதும் சுமையோடு ஓட்டுபவர்கள் சுமையை ஏற்றி வைத்தே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

சாய்வு சரியில்லை என்றால் விளக்கின் பக்கத்திலோ கீழேயோ உள்ள ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்யலாம். தெரியவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்பில் சொல்லுங்கள், அஞ்சு நிமிட வேலை.

அப்படியே வண்டிக்குப் பின்னால் ஒருவர் நின்று பார்க்கட்டும். டேஞ்சர் லைட் எரிகிறதா? முன் பிரேக் பிடித்தாலும் பின் பிரேக் மிதித்தாலும் பிரேக் லைட் எரிகிறதா? ரெண்டு பக்க இண்டிகேட்டரும் எரிகிறதா? கண்ணாடியில் சேறு, தூசி இருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள்.

"நீல விளக்கு எரியுது, அது என்ன?"

ஸ்கூட்டி ஓட்டும் உறுப்பினர்கள் கேட்ட கேள்வி இது. மீட்டரில் நீல நிறத்தில் சின்ன விளக்கு எரிந்தால் வண்டி பிரைட்டில் இருக்கிறது என்று அர்த்தம். எதிரே வண்டி வந்தாலும், நமக்கு முன்னால் வண்டி போனாலும், தெரு விளக்கு இருக்கும் ஊருக்குள் நுழைந்தாலும் டிம்மில் போட வேண்டும். ஆளில்லாத இருட்டு ரோட்டில் பிரைட் போடலாம், தப்பில்லை.

"பகல்ல லைட்டு எரியுதுக்கா" என்று எதிரே வருபவர்கள் கையை மூடித் திறந்து காட்டுவார்கள். பயப்பட வேண்டாம். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதே முன் விளக்கு எரியும்படிதான் செய்கிறார்கள். வண்டி வருவது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் பகலிலும் நீல விளக்கு எரிந்தால் டிம்முக்கு மாற்றிவிடுங்கள்.

எதிரே ஒருவர் பிரைட்டில் வந்தால் என்ன செய்வது? நாமும் பதிலுக்கு பிரைட் அடித்தால் ரெண்டு பேரும் கண் தெரியாமல் வருவோம், அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்து, பார்வையை அந்த வெளிச்சத்திலிருந்து விலக்கி, நம் இடது பக்க ரோட்டு ஓரத்தைப் பார்த்தபடி மெதுவாகப் போக வேண்டும். தேவைப்பட்டால் ஓரமாக நின்றுவிடலாம். மார்கழிப் பனியிலும் டிம்தான். பிரைட் போட்டால் பனியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும்.

பல்பு மாற்றுபவர்கள் கவனத்துக்கு

"வெள்ளையா, நல்லா பளிச்சுனு எரியும்" என்று சொல்லி எல்.இ.டி. பல்பு விற்கிறார்கள். கம்பெனியிலேயே எல்.இ.டி. விளக்கோடு வந்த வண்டியில் பிரச்சினை இல்லை. சாதாரண பல்புக்காகச் செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகினால்தான் பிரச்சினை. அந்த விளக்கின் உள்ளே இருக்கும் பளபளப்பான கிண்ணம், பல்பின் கம்பி இருக்கும் இடத்துக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. வெளிச்சம் வரும் இடம் மாறினால் ஒளி எல்லா பக்கமும் சிதறும். ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் விழும். கார், வேனுக்கு 60/55 வாட் பல்புக்குப் பதிலாக 100/90 வாட் பல்பு போடுவதும் இப்படித்தான். கூடவே வயரும் ஹோல்டரும் சூடாகிக் கருகிவிடும்.

முன் விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். கூச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் சாய்வு தப்பிய விளக்குக்கு அது மருந்து ஆகாது.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விளக்கை டிம் செய்தபோது, 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அது கூசச் செய்யக் கூடாது. 1.5 மீட்டர் என்பது ஏறக்குறைய நாம் நிற்கும்போது நம் கண் இருக்கும் உயரம். ஆக, ரோட்டோரம் நிற்கும் நம் கண்ணுக்கும் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

சைக்கிளில் போகும் பிள்ளைகள்

ஒரு காலத்தில் லைட் இல்லாத சைக்கிளை போலீஸ்காரர் நிறுத்தி காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று நம் அப்பா, தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்குப் பயந்தாவது டைனமோ வைத்தார்கள், பின் மட்கார்டில் வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டும் சைக்கிள்களில் பெரும்பாலும் விளக்கே இல்லை. டைனமோ போட்டால் மிதிப்பது கனமாக இருக்கிறது, நின்றால் விளக்கும் அணைந்துவிடுகிறது என்று பிள்ளைகள் விரும்புவதில்லை. சரி, அதற்குப் பதில் என்ன செய்யலாம்?

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. பேட்டரியில் ஓடும் சின்ன விளக்குகள் சைக்கிள் கடையிலேயே கிடைக்கின்றன. அதுவும் இல்லையென்றால் ரேடியம் ஸ்டிக்கராவது ஒட்ட வேண்டும். பின் மட்கார்டில் சிவப்பு, முன்னால் வெள்ளை, பெடலிலும் சக்கரக் கம்பியிலும் மஞ்சள். பெடல் மேலும் கீழும் ஆடும்போது அந்த மஞ்சள் புள்ளியும் ஆடும், தூரத்திலேயே "சைக்கிள் போகுது" என்று தெரிந்துவிடும். முன்னால் சிவப்பு ஒட்டக் கூடாது. போகிறதா வருகிறதா என்று எதிரே வருபவர் குழம்புவார்.

ரேடியம் ஸ்டிக்கர் தானாக எரிவது இல்லை. தன் மேல் விழும் வண்டி வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அதனால் சேறு படிந்தால் வேலை செய்யாது. பள்ளிப் பையின் பின்பக்கமும் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் பக்தர்களின் பையில் இப்படி ஒட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்தர்களுக்கு ஒரு மாசம் தேவைப்படுவது நம் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கத் தேவை.

நடந்து போகிறவர்கள்

• நடைபாதை இல்லாத ரோட்டில் வலது பக்கம் ஓரமாக நடங்கள். வண்டி எதிரே வருவது தெரியும், ஒதுங்கலாம்.

• நாலைந்து பேராகப் போகும்போது வரிசையாக நடங்கள். முதலில் போகிறவரிடமும் கடைசியில் வருகிறவரிடமும் விளக்கு இருக்கட்டும்.

• டார்ச், செல்போன் லைட்டைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். ஓட்டுபவரின் முகத்தில் அடித்தால் அவருக்குக் கண் கூசும், ஆபத்து நமக்குத்தான்.

• இருட்டில் கிளம்பும்போது அடர்ந்த நிறச் சேலை என்றால் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

• மார்கழியில் ரோட்டில் குனிந்து பெரிய கோலம் போடும்போது நமக்கு வண்டி தெரியாது, வண்டிக்காரருக்கும் நாம் தெரிய மாட்டோம். வாசலுக்குள் போடுவது நல்லது. தெருவில்தான் போட வேண்டும் என்றால் விளக்கு போட்டு, ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

• சாயந்திரத்துக்கு மேல் கண் மங்கலாகத் தெரிந்தால், விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிந்தால், அரசு மருத்துவமனையிலோ கண் முகாமிலோ காட்டுங்கள். புரை என்றால் அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்கிறார்கள்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

முதலில் சொன்னதை மறுபடி நினைத்துப் பாருங்கள். நம் விளக்கின் குறை அடுத்தவருக்குத்தான் தெரியும். மாசம் ஒருமுறை எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிற வழக்கம் நம் குழுவுக்கு இருக்கிறது. அதனால் இந்த வேலைக்குக் குழுவை விடப் பொருத்தமான இடம் இல்லை.

ஒரு கூட்டத்தைச் சாயந்திரம் வையுங்கள். வீட்டு வண்டிகளையும் பிள்ளைகளின் சைக்கிள்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சுவர்ச் சோதனை செய்யுங்கள், ஒருவர் வண்டியை இன்னொருவர் பாருங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் எந்த வண்டியில் என்ன குறை என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் "சரிபண்ணியாச்சா?" என்று கேளுங்கள். ரேடியம் ஸ்டிக்கரை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தால் ஒரு சைக்கிளுக்கு ஆகும் செலவு சின்னத் தொகைதான்.

எரியாத தெரு விளக்கு, வளைவில் வளர்ந்து மறைக்கும் முள்மரம், பஸ் நிறுத்தத்தில் இருட்டு ஆகியவற்றை ஊராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை என்று இடத்தைக் குறிப்பிட்டு எழுதினால் தட்டிக்கழிக்க முடியாது.

விபத்து நடந்துவிட்டால் 108-க்குப் போன் செய்யுங்கள். "போலீஸ், கேஸ்னு அலைய விடுவாங்க" என்று பயந்து ஒதுங்க வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவி செய்பவரைப் பாதுகாக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. விருப்பம் இல்லையென்றால் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் வண்டி அல்லது சைக்கிள் இருக்கிறது? அதில் எத்தனைக்குப் பின் விளக்கு எரிகிறது?

2. நம் ஊரில் இருட்டில் பயந்து கடக்கும் இடம் எது? அங்கே என்ன குறை?

3. விளக்குச் சோதனையை எந்தத் தேதியில், யார் வீட்டுச் சுவரில் வைத்துக்கொள்வோம்?

பேசியதோடு விட்டுவிடாமல் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். சோதனை முடிந்ததும், எத்தனை வண்டி பார்த்தீர்கள், என்னென்ன சரிசெய்தீர்கள் என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். மற்ற ஊர்க் குழுக்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.